நான்கு மீட்டர் பத்து

அன்பும் மதிப்பும் மிக்க மாப்பிள்ளை அவர்களுக்கு, உங்கள் மனைவியின் அண்ணன் மாடி அறையிலிருந்து எழுதுவது. கப்பலில் உங்கள் உடல்நலமும் இயந்திர அறையின் நலமும் சீராக இருக்கும் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் நலம். எல்லோரும் தற்சமயம் என் அறையில்தான் இருக்கிறோம் என்பதால் இதை நேரில் பார்த்தே எழுதுகிறேன்.

நேற்று, செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி இருபது நிமிடத்துக்கு, இரண்டு நாள் ஆழ்ந்த யோசனைக்குப் பிறகு, என் கணினி நிரலில் ஒரு வரியைச் சேர்ப்பது என்று முடிவு செய்தேன் என்பதை முதலில் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறேன். முகம் கழுவி, இஸ்திரி போட்ட சட்டை அணிந்து, கதவைச் சாத்திக்கொண்டு அந்த வரியை எழுதினேன். எழுதி முடித்ததும் எழுந்து நின்று ஒருமுறை வாசித்தேன். அந்த நேரம் பார்த்து நூற்கண்டு எடுக்க மேலே வந்த உங்கள் மனைவி, "என்ன அண்ணா, யாராவது வர்றாங்களா?" என்று கேட்டாள். இல்லை, ஒரு வரி சேர்த்திருக்கிறேன் என்றேன். "சரி, காப்பி ஆறிப்போகுது" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். பெரிய முடிவுகள் எடுக்கப்படும் வீடுகளில் பக்கத்தில் இருப்பவர்களுக்கு அது தெரிவதில்லை.

நீங்கள் கப்பலேறப் புறப்பட்ட அன்று, கீழே கடையில் இருக்கும் எட்டு மெஷின்களையும் கையால் காட்டி, "மச்சான், பன்னிரண்டு வருஷமா ஒவ்வொண்ணா சேர்த்தது. ஆத்தங்கரை பக்கத்துல இருக்கு. உங்க தங்கச்சி தைக்க உக்காந்துட்டா வெளியில என்ன நடக்குதுன்னு தெரியாது. நீங்கதான் பார்த்துக்கணும்" என்று சொன்னது எனக்கு வார்த்தை பிசகாமல் நினைவிருக்கிறது. எடை அளவுத் துறையில் முப்பத்தோரு வருடம் ஆய்வாளராக இருந்தவனிடம் ஒரு பொருளைப் பார்த்துக்கொள்ளச் சொன்னால் அவன் அதை வெறும் கண்ணால் பார்க்கமாட்டான். கண் என்பது முத்திரை குத்தப்படாத தராசு. ஆகவே ஆற்றை நேரில் போய்ப் பார்க்கும் பழக்கத்தை அன்றைக்கே விட்டுவிட்டேன். நீர்வளத் துறையார் பாலத்தடியில் ஒரு அளவுகோல் நட்டு, கால் மணி நேரத்துக்கு ஒருமுறை நீர்மட்டத்தைத் தங்கள் வலைப்பக்கத்தில் வெளியிடுகிறார்கள். அந்தப் பக்கத்தைப் படித்து, அதிலிருந்து நீர்மட்ட எண்ணை மட்டும் உருவி எடுத்து, ஆறு மீட்டரைத் தொட்டால் மணியடிக்கிற ஒரு நிரலை, வீட்டிலிருந்தே படிக்கும் வகுப்பொன்றில் சேர்ந்து நானே எழுதினேன். ஆறு மீட்டர் என்பது நம் கடையின் தரை மட்டம். பக்கத்தை வாங்கிவரும் வேலை மட்டும் என்னுடையது அல்ல. முன்பின் தெரியாத அறிவாளிகள் சிலர் அதை எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று இலவசமாக வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் எண்ணைத் தவிர நாள், நேரம், முன்னறிவிப்பு என்று வேறு பல விஷயங்களும் இருக்கும். அவையெல்லாம் எண்ணைச் சுற்றிய பேச்சு என்று கருதி விட்டுவிட்டேன்.

சென்ற இரண்டு மழையிலும் தெருவே மூட்டை கட்டிக்கொண்டு நின்றபோது, நிரலைப் பார்த்து, வராது என்றேன். வரவில்லை. உங்கள் மனைவி அன்றெல்லாம் ஒரு மெஷினைக்கூட நகர்த்தாமல் தைத்துக்கொண்டிருந்தாள். "நீ சொன்னதுனால ஒரு நாள் வேலை மிச்சமாச்சு அண்ணா" என்று அவள் வாயாலேயே சொன்னாள். அதன் பிறகுதான் நம் தெருவின் அறுபத்து நான்கு வீடுகளுக்கும் கைப்பேசிக் குழுவில் அரை மணிக்கு ஒருமுறை நீர்மட்டச் செய்தி அனுப்பும் பொறுப்பை, யாரும் கேட்காமலே, ஏற்றுக்கொண்டேன்.

இப்போது அந்த வரிக்கு வருகிறேன். நிரல் முன்பு ஐந்து வினாடிக்கு ஒருமுறை துறையின் பக்கத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டிருந்தது. அக்கறை என்றால் அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் எண்ணுக்குப் பதிலாக, 'நீங்கள் அளவுக்கு அதிகமாகக் கேட்கிறீர்கள், சற்றுப் பொறுத்து வரவும்' என்று ஒரு பதில் வந்தது. முப்பத்தோரு வருடம் கடை கடையாகப் போய்க் கேள்வி கேட்டவன் நான். பூட்டிக்கொண்டு ஓடியவர்கள் உண்டு, அதிகமாகக் கேட்கிறீர்கள் என்று எவரும் சொன்னதில்லை. வகுப்புப் பாடத்தைப் புரட்டினேன். இதற்கென்றே அந்த அறிவாளிகள் எழுதிவைத்த இன்னொரு இலவச நிரல் தொகுப்பு இருக்கிறது. ஒரே ஒரு வரியைச் சேர்த்தால் போதும், ஒருமுறை வாங்கிய பக்கத்தை அது கணினியிலேயே ஒரு கோப்பில் சேமித்து வைத்துக்கொள்ளும். அடுத்த முறை கேட்கும்போது துறையைத் தொந்தரவு செய்யாமல் வீட்டிலிருந்தே எடுத்துக் கொடுக்கும். இதைக் கேஷ் என்கிறார்கள். எவ்வளவு நேரம் வைத்திருக்க வேண்டும் என்று நாம் ஒரு கெடு சொல்லலாம் என்றும், சொல்லாவிட்டால் காலவரையின்றி வைத்திருக்கும் என்றும் எழுதியிருந்தது. கெடு எதற்கு என்று எனக்குத் தோன்றியது. ஒரு கிலோ எடைக்கல் சாயங்காலம் ஆனால் காலாவதியாகிவிடுகிறதா? புதிதாக ஏதாவது இருந்தால் அதுவே போய்க் கேட்டுக்கொள்ளும், இவ்வளவு அறிவுள்ளவர்கள் அதை யோசிக்காமலா இருப்பார்கள் என்று நம்பி, கெடு எழுதும் இடத்தைக் காலியாக விட்டேன்.

பலன் உடனே தெரிந்தது. முன்பு பதில் வர நான்கு வினாடி ஆகும். இப்போது விரலை எடுப்பதற்குள் வந்தது. நான்கு மீட்டர் பத்து. துறையும் கோபித்துக்கொள்ளவில்லை. அவர்கள் சேவை மேம்பட்டிருப்பதைப் பாராட்டி அன்று நண்பகலிலேயே துறைத் தலைவருக்கு ஒரு கடிதம் அனுப்பினேன்.

அன்று பகல் முழுவதும் மழை. மேலேயுள்ள அணையைத் திறக்கப்போவதாக ஒரு பேச்சு அடிபட்டது. மாலை நான்கு மணிக்கு, மருத்துவமனைக்குத் துணி ஏற்றிச் செல்லும் லாரிக்காரர் கடை வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு என்ஜினை அணைக்காமல் இறங்கி வந்தார். நம் கடை இப்போது அந்த மருத்துவமனைச் செவிலியர்களுக்கு நானூற்றுப் பன்னிரண்டு சீருடை தைக்கிறது, வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும், இன்னும் தொண்ணூறு பாக்கி என்பதெல்லாம் அவருக்கும் தெரியும். "அம்மா, வண்டி காலியாத்தான் மேட்டுக்குப் போகுது. ஆஸ்பத்திரி கிடங்குல இடம் இருக்கு. மெஷினையும் துணியையும் ஏத்திருவோம், ஒரு மணி நேர வேலை. அங்கேயே ரெண்டு நாள் உக்காந்து தைங்க" என்றார். உங்கள் மனைவி காலை மிதியிலிருந்து எடுக்காமல் மாடிப்படியைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "அண்ணா, என்ன சொல்லுது?"

நான் இறங்கி வந்தேன். இதுபோன்ற தகவலை மேலிருந்து கத்திச் சொல்வது முறையல்ல. "நான்கு மீட்டர் பத்து" என்றேன். "காலையிலிருந்து ஒரு சென்டிமீட்டர்கூட ஏறவில்லை."

"சார், நான் இப்பதான் பாலத்து மேல வந்தேன்" என்றார் லாரிக்காரர். "தண்ணி பார்க்கவே நல்லா இல்ல."

"எத்தனை மீட்டர்?"

"மீட்டர் எல்லாம் யாரு பார்த்தா? பயமா இருந்துச்சு."

"பயம் ஒரு அலகு அல்ல" என்றேன்.

வாசலில் லாரி என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. பொத்தான் துளை போடுவதில் ஈடு இணை இல்லாததால் எல்லோரும் காஜா அக்கா என்றே கூப்பிடும் மூத்த தையல்காரி கையிலிருந்த கத்தரிக்கோலைக் கீழே வைத்து, "ஏத்திரலாம்மா. ஒரு மணி நேரம்தானே" என்றாள். உங்கள் மனைவி என் முகத்தைப் பார்த்தாள், சுவரில் மாட்டியிருந்த நாட்காட்டியில் வெள்ளிக்கிழமையைப் பார்த்தாள், மறுபடி என் முகத்தைப் பார்த்தாள். "கழட்டி, ஏத்தி, இறக்கி, மாட்டி... அரை நாள் போயிரும். அண்ணா சொன்னா சரியா இருக்கும்" என்று சொல்லி மிதியை அழுத்தினாள். லாரிக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு ஏறிப் போனார். அந்த நிமிடம் உங்கள் தங்கை முறைக்காரி யாராவது பக்கத்தில் இருந்திருந்தால் என் நிதானத்தைப் பார்த்து உங்களுக்கு எழுதியிருப்பாள். இல்லாததால் நானே எழுத வேண்டியிருக்கிறது.

மாலை ஆறு மணி வரை அரை மணிக்கு ஒருமுறை குழுவில் 'நான்கு மீட்டர் பத்து, அச்சம் வேண்டாம்' என்று அனுப்பினேன். அன்று தெருவில் பலர் குடும்பத்தோடு வெளியூர் புறப்பட்டார்கள். பள்ளி விடுமுறை இல்லையே, இத்தனை பேருக்கும் ஒரே நாளில் என்ன பயணம் என்று எனக்கு வியப்பாக இருந்தது. எதிர்வீட்டுக்காரர் கட்டிலைக்கூட வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். போகிற போக்கில் அறுபது பேர் குழுவிலிருந்தும் விலகிவிட்டார்கள். கைப்பேசியில் இடம் போதவில்லை போலும்.

புதன்கிழமை காலை ஏழு மணிக்குப் பால்காரர் வரவில்லை. தொலைபேசியில் கேட்டால், "பாலம் முழுகிருச்சு சார்" என்றார். பாலத்தின் மேல்தளம் ஐந்தரை மீட்டரில் இருக்கிறது, நீர்மட்டம் நான்கு மீட்டர் பத்து, ஆகவே அது முழுக வாய்ப்பில்லை என்பதை அவருக்குப் பொறுமையாக விளக்கினேன். "அப்ப பாலம் பொய் சொல்லுதா சார்?" என்றார். பாலத்தின் மீது எனக்குக் குற்றச்சாட்டு எதுவும் இல்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.

எட்டு மணிக்குக் காஜா அக்கா உட்படத் தையல்காரர்கள் நான்கு பேரும் முழங்கால் வரை நனைந்து வந்தார்கள். எட்டரைக்கு, துணி ஓரம் அடிக்கும் ஓவர்லாக் மெஷினுக்கு அடியில் தரை ஈரமாக இருந்தது. ஒன்பதுக்கு அந்த ஈரத்தில் நூற்கண்டு ஒன்று மிதந்து வாசல் பக்கம் போனது. உங்கள் மனைவி தைப்பதை நிறுத்தவில்லை, ஆனால் பேச்சை நிறுத்திவிட்டாள். அவள் பேச்சை நிறுத்தினால் என்ன அர்த்தம் என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். மேலே போய் நிரலைக் கேட்டேன். நான்கு மீட்டர் பத்து. ஆறு இல்லையென்றால் குழாய்தான் என்ற முடிவுக்கு வந்து, அடுத்த தெரு பிளம்பரை அவசரமாக வரவழைத்தேன். அவர் பேன்ட்டைத் தொடை வரை சுருட்டிக்கொண்டு, பையைத் தலையில் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார்.

"எங்க சார் லீக்கு?"

"இங்கேதான் எங்கோ. தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்துச் சொல்லுங்கள்."

அவர் வாசலைப் பார்த்தார். தெருவைப் பார்த்தார். குனிந்து கையை விட்டு எதையோ பிடித்து என் முன்னால் நீட்டினார். "சார், இது குழாய்த் தண்ணி இல்ல. குழாயில மீன் வராது."

மீன் சுமார் பதினோரு சென்டிமீட்டர் இருந்தது. ஒரு மீன் எதையும் நிரூபிப்பதில்லை என்று சொன்னேன். காஜா அக்கா, "இன்னொண்ணு பிடிச்சுக் குடுங்க தம்பி, சாருக்குப் பத்தலை" என்றாள்.

மீண்டும் மேலே போனேன். இந்த இடத்தில்தான், மாப்பிள்ளை, ஒரு கருவியின் தரம் தெரிய வேண்டும். பத்தேகாலுக்குத் தெருவில் மின்சாரம் போயிற்று. அதோடு இணைய இணைப்பும் போயிற்று. மடிக்கணினி மட்டும் பேட்டரியில் ஓடியது. இணைப்பே இல்லாத நிலையில் நிரலால் என்ன செய்ய முடியும் என்று கவலையோடு பொத்தானை அழுத்தினேன். ஒரு கணம்கூடத் தயங்காமல் பதில் வந்தது. நான்கு மீட்டர் பத்து. கம்பி அறுந்த பிறகும் கடமை தவறாத இப்படி ஒரு பொருளை என் பணிக்காலத்தில் நான் பார்த்ததில்லை. இதைச் சொல்வதற்காகவே படியிறங்கி ஓடினேன்.

கீழே உங்கள் மனைவி கணுக்கால் தண்ணீரில் நின்றுகொண்டு முதல் மெஷினின் தலையை மேசையிலிருந்து கழற்றிக்கொண்டிருந்தாள். "என்ன செய்கிறாய்?" என்றேன்.

"பார்த்தா தெரியலையா? மேல கொண்டு போறேன்."

"நான்கு மீட்டர் பத்து."

"அண்ணா" என்றாள். குரலை உயர்த்தவில்லை. "என் காலு நனையுது. உன் கம்ப்யூட்டர் காலு நனையுதா?"

"இணைப்பே இல்லாமல் பதில் சொல்கிறது. வந்து பார்."

"இணைப்பு இல்லாம யாருகிட்ட கேட்டுச் சொல்லுது?"

இது தொழில்நுட்பம் தெரியாதவர்கள் கேட்கும் கேள்வி என்பதால் பதில் சொல்லவில்லை. "அந்தப் பக்கம் பிடி, வாய் பேசாத" என்றாள். நேற்று மாலை வரை என்னைப் பார்த்துத்தான் முடிவெடுத்தவள். பிடித்தேன். பிளம்பரும் பிடித்தார். மேசைகளையும் மோட்டார்களையும் கீழேயே விட்டுவிட்டு, தையல் மெஷின் ஐந்து, ஓவர்லாக் இரண்டு, காஜா மெஷின் ஒன்று என எட்டின் தலைகளை மட்டும் தனியாகத் தூக்கி வந்தோம். ஒவ்வொரு முறை இறங்கும்போதும் ஒரு படி குறைந்திருந்தது. கடைசியாகக் காஜா மெஷினைத் தூக்கியபோது அக்காவுக்கு இடுப்பளவு தண்ணீர். யாரையும் தொட விடாமல் மார்போடு அணைத்துத் தானே ஏற்றினாள். தைத்து முடித்த முந்நூற்று ஐம்பது சீருடைகளும் என் அலமாரியின் மேல் இருக்கின்றன. கட்டிலில் ஓவர்லாக் இரண்டும் படுத்திருக்கின்றன. மேசையில் மடிக்கணினிக்கு மட்டும் இடம் விட்டிருக்கிறார்கள்.

இப்போது பிற்பகல் இரண்டு மணி. மொத்தம் இருபது படிகளில் பதினொன்று தண்ணீருக்குள் இருக்கிறது. இந்த நீர் இருப்பதை நான் மறுக்கவில்லை. அது ஆற்று நீர் என்பதற்கு அதிகாரப்பூர்வமான ஆதாரம் இல்லை என்று மட்டுமே சொல்கிறேன். இதை அறையில் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னபோது பிளம்பர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டார். உங்கள் மனைவி சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, தைக்க வழியில்லாத கையால் ஒரு காலர்த் துணியை மடிப்பதும் பிரிப்பதுமாக இருக்கிறாள். அவள் கைப்பேசியில் பதினொரு சதவீதம் சார்ஜ் இருக்கிறது. உங்களோடு பேசத் தருவாயா என்று கேட்டேன். "பேசி என்ன சொல்லப்போற?" என்றாள். அதனால்தான் கடிதம்.

ஆகவே உங்களிடம் நான் வேண்டுவது இரண்டு. முதலாவது, அளந்த எண் ஒன்று கையில் இருக்கும்போது வெறும் தண்ணீரைப் பார்த்துப் பதறி மெஷின்களைப் பிரித்தது அவசரப்பட்ட செயல் என்று உங்கள் மனைவிக்கு நயமாக எழுதுங்கள். நீங்கள் சொன்னால் கேட்பாள். இரண்டாவது, இந்த உள்ளூர் நீர் வடிந்ததும் எட்டு மெஷின்களையும் மறுபடி கீழேயே பொருத்த வேண்டும் என்பதற்கும், இனிமேல் நிரல் மணியடிக்காமல் எதையும் நகர்த்தக் கூடாது என்பதற்கும் உங்கள் ஒப்புதலைத் தெரிவியுங்கள். நீங்கள் என் பொறுப்பில் விட்டுச்சென்றதை நான் ஒரு சென்டிமீட்டர் பிசகாமல் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

தண்ணீரின் நடுவே வேலை செய்பவருக்குத் தண்ணீரைப் பற்றி இவ்வளவு எழுதியதற்கு மன்னிக்கவும். கடல் அமைதியாக இருக்கட்டும், என்ஜின் சூடேறாமல் இருக்கட்டும், நீங்கள் நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கி, போனபடியே முழுசாகத் திரும்பி வாருங்கள். காஜா அக்கா உங்களை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள். பிளம்பருக்கு உங்களைத் தெரியாது, இருந்தாலும் விசாரித்தார்.

உங்கள் நலம் நாடும்,
மைத்துனன்

பின்குறிப்பு: உறையில் போடும் முன் உங்கள் மகள் கல்லூரியிலிருந்து அவள் அம்மாவின் கைப்பேசிக்குக் கூப்பிட்டாள். என்னிடம் கொடுக்கச் சொன்னாள். "மாமா, சேமிச்சு வச்ச அந்தப் பக்கத்தைத் திறங்க. எண்ணை விடுங்க. மேல தேதியும் நேரமும் போட்டிருக்கும், படிங்க" என்றாள். செவ்வாய்க்கிழமை, பத்து மணி இருபது என்று படித்தேன். "இன்னைக்கு என்ன கிழமை மாமா?" என்றாள். புதன் என்றேன். பிறகு தன் கைப்பேசியில் துறையின் பக்கத்தைத் திறந்து அவளே வாசித்தாள். அதைக் கேட்டபடி கீழே எழுதியிருக்கிறேன்.

மேலே நான்கு மீட்டர் பத்து என்று வரும் இடங்களில், முதல் இடத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அடித்துவிட்டுப் படிக்கவும். உங்களிடம் நான் கேட்ட இரண்டும் வேண்டாம். உங்கள் மனைவிக்கு எதையும் விளக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அவளும் கேட்டுக்கொண்டிருந்தாள். செவ்வாய் மாலை நான்கு மணிக்கு, லாரி வாசலில் நின்றபோது, நீர்மட்டம் ஐந்து மீட்டர். அணையை மூன்றரைக்கே திறந்திருக்கிறார்கள்.

தற்போதைய நீர்மட்டம் எட்டு மீட்டர் இருபது. மாலை ஆறரைக்கு ஒன்பது மீட்டர் எண்பது எதிர்பார்க்கப்படுகிறது. இந்த மாடியின் தரை ஒன்பது மீட்டர் நாற்பது. மீட்புப் படகு ஜன்னலுக்குக் கீழே வந்திருக்கிறது. ஏழு பேருக்கு இடம் இருக்கிறது, நாங்கள் ஏழு பேர். சாமான் ஏற்றமாட்டார்களாம். மெஷின்கள் எட்டும் அறையில் இருக்கின்றன.